கையைக் கண்டாலே சீறும் காக்டெய்ல்: நகமும் வெட்டணும், பயமும் போகணும்

இறகுப்பந்து கேட்டது:

வணக்கம். எங்ககிட்ட இருக்கறது லுட்டினோ (வெள்ளை-மஞ்சள் நிற) காக்டெய்ல், அதாவது கொண்டை வெச்ச சின்னக் கிளி. ஆண், ரெண்டு வயசு, எடை 88 கிராம். நல்லா பழகின பறவை, விரலை நீட்டினா ஏறி உட்காரும். நகம் வளைஞ்சு துணியில மாட்டிக்கிட்டே இருந்ததால வெட்டறதுக்கு ஒரு பறவைக் கடையில் கொடுத்தோம். அங்கே தோல் கையுறை போட்டு உடம்போட சேர்த்து இறுக்கிப் பிடிச்சுதான் வெட்டினாங்க. வலது காலில் ஒரு நகத்தில் ரத்தம் வந்ததும் பாதியில் நிறுத்திட்டாங்க. நாங்க கேட்காமலே ரெண்டு பக்கச் சிறகையும் வெட்டி அனுப்பிட்டாங்க.

இப்போ கை கூண்டுப் பக்கம் போனாலே கொண்டையைத் தலையோட ஒட்டப் படுக்க வெச்சு சீறுது. பின்பக்கக் கம்பியில போய் ஒட்டிக்குது. நாங்க அறையை விட்டு வெளியே போனாத்தான் சாப்பிடுது. ராத்திரியில திடீர்னு படபடன்னு கம்பியில் அடிச்சுக்குது. இடது கால் நகம் இன்னும் நீளமாத்தான் இருக்கு.

நகத்தை எப்படி வெட்டறது, இழந்த நம்பிக்கையை எப்படித் திரும்பக் கொண்டு வர்றது, ரெண்டில் எது முதல்ல? சிலர் "டவல் போட்டுப் பிடிச்சு தினம் பத்து நிமிஷம் கையில வெச்சிரு, தானா பழகிடும்"னு சொல்றாங்க. அது சரியா?

மூங்கில்கூடு பதில்:

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: அதைச் செய்யவே செய்யாதீங்க. டவலில் சுத்திப் பிடிச்சு வெச்சா கொஞ்ச நேரத்தில் பறவை அசையாம இருக்கும், அது உண்மை. ஆனா அது பழகினதால இல்ல. தப்பிக்க வழியே இல்லன்னு உடம்பு முடிவு பண்ணி உறைஞ்சு போறது அது. கண் அகலமா விரிஞ்சிருக்கும், இறகெல்லாம் உடம்போட இறுகி பறவை மெலிஞ்ச மாதிரி தெரியும், கண்ணுக்கு முன்னால தினையை நீட்டினாலும் தொடாது. நிதானமா இருக்கற பறவை இப்படி இருக்காது. அது ஒத்தைக் காலை மடக்கும், அலகை நரநரன்னு தேய்க்கும், உடம்பை உதறிட்டு இறகு கோதும்.

நகம் ரெண்டாவது. மேசை மாதிரி சமமான இடத்தில் நிற்கும்போது விரல்கள் படிஞ்சிருந்தா நகம் நீளமா தெரிஞ்சாலும் அவசரமில்ல. நகம் முட்டி விரல் நுனி மேலே தூக்கி நின்னாத்தான் அவசரம். துணியில மாட்டற ஆபத்துக்கு இப்போதைய மருந்து, கூண்டுக்குள்ள இருக்கற துணிக் கூடாரம், பிரிஞ்ச கயிறு, நூல் தொங்கற பொம்மை எல்லாத்தையும் எடுத்துடறதுதான்.

இந்தப் பறவை எப்படிப்பட்டதுன்னு புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். காக்டெய்ல் ஆஸ்திரேலியாவோட வறண்ட உள்நாட்டுல தரையில இறங்கி விதை பொறுக்கித் தின்னற பறவை. மேலேருந்து ஒண்ணு வந்து உடம்பை இறுக்கிப் பிடிக்குதுன்னா அதுக்குத் தெரிஞ்ச ஒரே அர்த்தம் பருந்து. அதுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு பறந்து விலகறது. சிறகை வெட்டினதும் அதுவும் போச்சு. ஓட முடியாத பறவைகிட்ட மிச்சம் இருக்கறது சீறலும் கடியும்தான். அதனால இப்போ வர்ற கடியைத் திமிர்னு எடுத்துக்காதீங்க, திட்டாதீங்க, அலகைத் தட்டாதீங்க, முகத்தில் ஊதாதீங்க.

கூண்டுல ஆரம்பிங்க. ஒரு பக்கமாவது சுவரோட ஒட்டி இருக்கட்டும், நாலு பக்கமும் திறந்த கூண்டில் பயந்த பறவைக்கு முதுகு காட்ட இடமே கிடையாது. உயரம் உங்க நெஞ்சுக்கும் கண்ணுக்கும் நடுவில். தரையில வெச்சா நாம ஒவ்வொரு தடவையும் மேலேருந்துதான் வர்றோம். சமையலறைப் பக்கம் வேண்டாம், டிவிக்கு நேரா வேண்டாம். சிறகு வெட்டின பறவை விழும், அதனால உட்காரும் குச்சிகளைத் தாழ்த்தி, அடித்தட்டுல மடிச்ச துணி போட்டு மேலே செய்தித்தாள் விரிச்சுடுங்க.

ராத்திரி படபடப்பு காக்டெய்லுக்கே உரிய தொல்லை. இருட்டில் ஒரு பல்லி ஓடினாலும், வண்டி வெளிச்சம் சுவரில் நகர்ந்தாலும், எங்க பறக்கறோம்னு தெரியாம கம்பியில் மோதும். ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். கூண்டை மூணு பக்கம் மட்டும் மூடுங்க. பத்துலேருந்து பன்னிரண்டு மணி நேரம் தொந்தரவில்லாத தூக்கம் வேணும்.

அடுத்தது தூரம். நீங்க மெதுவா கிட்ட வரும்போது எந்த இடத்தில் கொண்டை குத்திட்டு நிக்குது அல்லது தலையோட படுக்குதுன்னு பாருங்க. ஆறடின்னு வெச்சுக்கலாம். அப்போ ஏழடியில ஒரு நாற்காலி போட்டு, பக்கவாட்டாத் திரும்பி உட்கார்ந்து, எதையாவது மெல்லிய குரலில் வாசிங்க. ரெண்டு கண்ணாலயும் நேரா முறைச்சுப் பார்க்கறது வேட்டை மிருகத்தோட பார்வை. கொண்டை பாதி சாய்ஞ்சு நுனி மட்டும் மேலே பார்த்து நின்னதும், அதாவது அது நிதானமானதும், எழுந்து போயிடுங்க. பயந்த பறவைக்கு நாம குடுக்கற பெரிய பரிசு நாம விலகறதுதான். நிறைய பேர் தப்பு பண்ற இடமும் இதுதான்: அது சீறும்போது விலகுவாங்க, அமைதியா இருக்கும்போது நெருங்குவாங்க. பறவை படிக்கற பாடம், சீறினா ஆள் போயிடும். அது சீறற அளவுக்கு நெருங்கவே கூடாது. தெரியாம நெருங்கிட்டா சட்டுன்னு பின்வாங்காம அப்படியே அசையாம நின்னு, ஒரு சின்ன தளர்வு தெரிஞ்ச கணத்தில் விலகுங்க.

அந்தத் தூரம் நாளுக்கு அரை அடியோ அதுக்கும் குறைவாவோ குறையும். கூண்டுக்கு ரெண்டடிக்குள்ள வந்து நின்னு கொண்டை நிமிராம இருந்தா அப்புறம்தான் தின்பண்டம். கடையில் கொத்தா விற்கற மில்லட் ஸ்ப்ரே நம்ம தினைக்கதிர்தான். தினைப்புனத்தில் கிளி ஓட்டின கதை சங்கப்பாட்டு முழுக்க வருதே, கிளிக்கு அதன் மேல அவ்வளவு ஆசை. 20 சென்டிமீட்டர் நீளக் கதிரோட அடியைப் பிடிச்சு நுனியைக் கம்பி வழியா நீட்டி, அசையாம நில்லுங்க. ஒரு கொத்து கொத்தினாலும் போதும். கதிரின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க. வேற நேரத்தில் கூண்டுக்குள்ள தினைக்கதிர் தொங்கவே கூடாது, உங்க கையிலேருந்து மட்டும்தான். ஆனா வழக்கமான சாப்பாட்டைப் பிடிச்சு வெச்சுப் பட்டினி போட்டுப் பழக்காதீங்க, 88 கிராம் உடம்புல அதுக்குச் சேமிப்பே கிடையாது. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால மூணுலேருந்து அஞ்சு நிமிஷம், சாயங்காலம் இன்னொரு தடவை. நாளுக்கு மொத்தம் அரைத் தேக்கரண்டி தினைக்கு மேல போக வேண்டாம்.

கதிரை நம்பி வாங்க ஆரம்பிச்சதும் ஒரு குச்சி, இதை இலக்குக் குச்சின்னு சொல்வாங்க. ஐஸ் குச்சி, மூங்கில் குச்சி எதுவானாலும் சரி. நுனியை அலகால் தொட்ட உடனே நாக்கால் "டக்" சத்தம், உடனே ரெண்டு மணி தினை. பழக்கறதுக்குன்னு கடையில் விற்கற, அழுத்தினா டக்குன்னு அடிக்கற கிளிக்கரோட சத்தம் பயந்த காக்டெய்லைத் தூக்கிப் போடும், அதனால நாக்கே போதும். குச்சி எங்கே போகுதோ அங்கே தானா நடந்து வரும். இதில் பெரிய விஷயம், வர்றதும் வராததும் அதோட விருப்பம். வரலன்னா அன்னைக்கு அவ்வளவுதான், எடுத்து வெச்சுட்டுப் போங்க.

அப்புறம் கூண்டுக் கதவில், கையில் பிடிச்ச தனிக் குச்சியில் ஏறப் பழக்குங்க. அதில் தயங்காம ஏறினதும் உங்க விரலைக் குச்சியோட ஒட்டி வைங்க. ஒரு நாள் ஒரு கால் குச்சியிலும் ஒரு கால் விரலிலும் இருக்கும். அப்படியே குச்சியைக் குறைச்சுக்கிட்டு வாங்க. முதல்ல விரலில் ஏறினதும் சந்தோஷத்தில் தூக்கிக் காட்டறது, தடவறது, படம் எடுக்கறது எதுவும் வேண்டாம். ஏறினதும் தினை, உடனே இறக்கி விடறது.

எவ்வளவு நாள் ஆகும்னு யாராலும் சொல்ல முடியாது. சிலதுக்கு வாரக்கணக்கு, சிலதுக்கு மாசக்கணக்கு. நடுவில் பின்னடைவு வரும். வந்தா அதுக்கு முந்தின படிக்கு இறங்கி அங்கே நாலு நாள் நிற்கணும், தொடக்கத்துக்கே போக வேண்டியதில்லை.

பறவைநலம் பதில்:

மேலே சொன்னதெல்லாம் சரி. அதற்கு முன்பு உடல்நிலையைப் பார்த்துவிடுங்கள். இறுக்கிப் பிடித்த பிறகு மாறிய பறவையில், பயத்தோடு சேர்ந்து ஒரு காயமும் இருக்கலாம். விழுந்து நெஞ்செலும்பில் தோல் பிளந்திருக்கலாம், விரல் சுளுக்கியிருக்கலாம். ஒரு சிறகு தொங்குவது, ஒரு காலை எப்போதும் தூக்கியே வைப்பது, பகலிலும் புசுபுசுவென்று உப்பி அடித்தட்டில் உட்கார்வது, மூச்சுக்கு ஒருமுறை வால் மேலும் கீழும் ஆடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பழக்கத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வேறு ஊரானால் பறவைகளைத் தொடர்ந்து பார்க்கிற மருத்துவரா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, சாப்பிடும் முன்பு, அதே நேரத்தில் எடை. இலக்குக் குச்சி பழகிய பறவை தராசின் மேல் வைத்த கட்டையில் தானே ஏறி நிற்கும். அதுவரை, கட்டையோடு தராசைக் கூண்டருகே வைத்தே பழக்குங்கள். 88 கிராம் பறவை 80-க்குக் கீழே இறங்கினால் அது கிட்டத்தட்ட பத்து சதவீத இழப்பு, காத்திருக்கக் கூடாது. பயத்தில் சாப்பிடாமல் இருப்பதையும் நோயில் சாப்பிடாமல் இருப்பதையும் கண்ணால் பிரிக்க முடியாது. தட்டில் கிடப்பது விதையா வெறும் உமியா என்று ஊதிப் பாருங்கள். நிறைய பேர் உமியைப் பார்த்துவிட்டுத் தட்டு நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கடையில் பிடித்த பிடிதான் மிகப் பெரிய தவறு. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்றுப்பைகளுக்குள் காற்று போகும். மூக்கும் வாயும் திறந்தே இருந்தாலும் நெஞ்சைச் சுற்றி இறுக்கினால் மூச்சு நின்றுவிடும். தோல் கையுறையில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரியாது, அதனால்தான் கையுறை கூடாது என்கிறோம். பிடித்தே ஆக வேண்டிய நேரத்தில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தாடையின் இரு பக்கமும் கழுத்தை வளையம்போல் சுற்றி நிற்க வேண்டும், உள்ளங்கை முதுகைத் தாங்க வேண்டும், நெஞ்சின் மேல் எதுவும் படக் கூடாது. பறவைக்கு வியர்வை கிடையாது, டவலுக்குள் சீக்கிரம் சூடேறும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ கண் சொருகினாலோ அந்தக் கணமே விட்டுவிட வேண்டும், நகம் எத்தனை பாக்கி இருந்தாலும் சரி. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் பிடிக்க வேண்டாம்.

ரத்தக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். பறவையின் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ரத்தம். அதில் பத்தில் ஒரு பங்கு வரை நலமான பறவை தாங்கும். 88 கிராமுக்கு அது ஒரு மில்லிக்கும் சற்றுக் குறைவு. ஒரு மில்லிக்கு சுமார் 20 சொட்டு என்று வைத்தால், நகத்தில் வரும் நாலைந்து சொட்டால் உயிருக்கு ஆபத்தில்லை. நிற்காமல் வடிவதுதான் ஆபத்து. ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடர் இல்லாவிட்டால் சோள மாவை (கார்ன்ஃப்ளார்) நகத்தின் நுனியில் வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஆனால் ஸ்டிப்டிக் பவுடர் நகத்துக்கு மட்டும். தோலிலோ இறகின் குழியிலோ வைத்தால் திசுவைச் சுட்டுவிடும்.

வெட்டப்பட்ட சிறகைப் பற்றி. வெட்டிய இறகு வளராது. அதன் தண்டு அப்படியே இருந்து, அடுத்த இறகுதிர்வில் விழுந்து, அந்த இடத்தில் புதிது முளைக்கும். முளைக்கும்போது அதன் தண்டுக்குள் ரத்தம் ஓடும், அடிப்பகுதி கருநீலமாகத் தெரியும். வழக்கமாக அக்கம்பக்கத்து நீண்ட இறகுகள் அதற்கு அணையாக நிற்கும். எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டிய சிறகில் புதிய இறகு தனியாக நீட்டிக்கொண்டு நிற்பதால், பறவை விழும்போதும் இரவில் கம்பியில் மோதும்போதும் அதுதான் ஒடியும். ஒடிந்து ரத்தம் வந்தால் சுத்தமான பஞ்சால் அழுத்தி, பறவையை இருட்டான சிறு பெட்டியில் அமைதியாக வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இறகை நீங்களே பிடுங்க வேண்டாம். இறகுகள் திரும்பி வந்ததும் மறுபடி வெட்டாதீர்கள். தப்பிக்க முடியும் என்று தெரிந்த பறவைதான் தயங்காமல் நெருங்கி வரும்.

அதற்குப் பதிலாக அறையைப் பாதுகாப்பாக்குங்கள். கூண்டைத் திறக்கும் முன் மின்விசிறி நின்றிருக்க வேண்டும், முழுவதுமாக நின்றிருக்க வேண்டும். கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்தி, அளவுக்கு மேல் சூடான நான்ஸ்டிக் சட்டி ஆகியவற்றின் புகை பறவையின் நுரையீரலுக்கு மிகவும் கெடுதல். நான்ஸ்டிக் புகை சில நிமிடங்களில் கொல்லும்.

இறகுப்பந்து:

உமியை ஊதிப் பார்த்தேன், பாதிக்கு மேல வெறும் உமிதான். தராசுக்குச் சொல்லியாச்சு. கொண்டை நிமிர்ற தூரம் அஞ்சடி. எல்லாம் நல்லபடியா நடந்து கைக்கு வந்த பிறகு, அந்த இடது கால் நகத்தைப் பிடிக்காமலே சரிபண்ண வழி இருக்கா? குளிப்பாட்டறதும் நின்னு போச்சு. ஸ்ப்ரே பாட்டிலைப் பார்த்தா இப்போ அலறுது, உடம்பெல்லாம் வெள்ளைத் தூளா இருக்கு.

கொய்யாக்கிளை பதில்:

வழி இருக்குங்க. வெட்டறதை மறந்துட்டுத் தேய்க்கறதை நினைங்க.

லுட்டினோவுக்கு நகம் வெளிர் நிறம், அது உங்களுக்குப் பெரிய வசதி. பின்னாலேருந்து வெளிச்சம் பட்டா உள்ளே இளஞ்சிவப்பா ரத்தக்குழாய் தெரியும், அதுக்கு அப்பால வெள்ளையா இருக்கறதுதான் நம்ம பங்கு. கறுப்பு நகமுள்ள பறவைக்கு இந்தக் கோடு தெரியாது, அதுக்கு நகவெட்டியே வேண்டாம், அரம் மட்டும்.

சாமான் ரொம்பக் கம்மிங்க. அழகு சாதனக் கடையில் கிடைக்கிற, மணல் ஒட்டின அட்டை அரம் ஒண்ணு, நைஸான பக்கம். பக்கத்துல ஒரு மூடியில் சோள மாவு. முதல்ல அரத்தைக் கூண்டுக்கு வெளியே கண்ணில் படற மாதிரி வெச்சுடுங்க. அதைப் பார்த்துக் கொண்டை நிமிரலன்னா தினை. அடுத்து, கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு உங்க ஒரு கையிலேருந்து கதிரைத் தின்னும்போது, இன்னொரு கையில் இருக்கற அரத்தோட தட்டைப் பக்கத்தால் வெளியே நீட்டியிருக்கற ஒரு விரலை லேசாத் தொடுங்க. காலை இழுத்துக்கிட்டா இன்னும் அந்தப் படி வரலன்னு அர்த்தம், பிடிச்சு நிறுத்தக் கூடாது. தொட்டாலும் இழுக்காம தின்னுக்கிட்டே இருந்தா ஒரே ஒரு இழுப்பு. நகத்தோட நுனி ஊசி மழுங்கற மாதிரி, வெளியேருந்து உள்பக்கமா. அன்னைக்கு ஒரு நகம், ஒரு இழுப்பு. அவ்வளவுதானுங்க.

கம்பியில தொங்கறது பிடிக்காத பறவைக்கு, விரலில் உட்கார்ந்திருக்கும்போது பெருவிரலால் அதோட ஒரு கால்விரலை மெதுவாத் தொட்டு விடறதுலேருந்து ஆரம்பிக்கலாம். தொடறது, டக், தினை. அப்புறம் ஒரு நொடி பிடிச்சு விடறது. அப்புறம் பிடிச்சபடியே அரத்தால் ஒரு இழுப்பு. ரத்தம் வந்த வலது கால் விரலைக் கடைசிவரைக்கும் தொடாதீங்க. வலிச்ச இடம் அதுக்கு நல்லா ஞாபகம் இருக்கும்.

ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல குறைக்கவே வேண்டாம். நீளமான நகத்துக்குள்ள ரத்தக்குழாயும் நீண்டிருக்கும். ஒரேயடியா ஒழுங்கான நீளத்துக்குக் கொண்டு வரணும்னு வெட்டறவங்கதான் ரத்தம் பார்க்கறாங்க. நுனியை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ச்சா குழாயும் மெல்ல உள்ளே வாங்கிக்கும்.

நகம் ஏன் இவ்வளவு வளர்ந்ததுன்னு பாருங்க. கடைக் கூண்டோட வர்ற வழவழப்பான ஒரே அளவு பிளாஸ்டிக் குச்சியில நகம் தேயவே தேயாது. அதை எடுத்துட்டு கொய்யா, வேப்பங்கிளை வைங்க. மருந்தடிக்காத மரமா இருக்கணும். தேய்ச்சுக் கழுவி வெயிலில் நல்லாக் காய வெச்சு, ஒண்ணரையிலேருந்து ரெண்டரை சென்டிமீட்டர் வரை தடிமன் மாறி மாறி இருக்கற மாதிரி மூணு நாலு. கால் விரல் கிளையை முழுசாச் சுத்தி முன்னும் பின்னும் ஒண்ணையொண்ணு தொட்டா அது மெலிசு. அரளிக் கிளை உயிரையே எடுக்கும், பக்கத்துலயே கொண்டு வராதீங்க. சிமெண்ட் குச்சி ஒண்ணு வைக்கலாம், ஆனா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால மட்டும். கொஞ்ச நேரம் நின்னு சாப்பிடற இடம் அது. ராத்திரி தூங்கற உயரத்துல வெச்சா பாதம் புண்ணாயிடும். மணல் தாள் சுத்தின உறை அதை விட மோசம், நகம் தேயாது, பாதம்தான் தேயும்.

குளியல். அந்த வெள்ளைத் தூள் நோயில்லைங்க, காக்டெய்லோட இறகுத்தூள். குளியல் நின்னதால சேர்ந்து கிடக்கு. ஸ்ப்ரே பாட்டிலைக் கொஞ்ச காலம் கண்ணில் காட்டாதீங்க. அகலமான, ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல ஆழமில்லாத பீங்கான் தட்டில் அறைச்சூட்டுத் தண்ணி ஊத்தி, நல்லாக் கழுவின முருங்கைக்கீரையோ கொத்தமல்லியோ நனைச்ச கொத்தா மேலே போட்டு, கூண்டுத் தரையில் வெச்சுட்டு விலகிடுங்க. ஈர இலை மேல புரள்றது பல காக்டெய்லுக்கு இயல்பாவே வரும். முதல் நாள் இலையைக் கடிச்சுப் பார்க்கும், அப்புறம் நடக்கும், ஒரு நாள் நெஞ்சைத் தேய்க்கும். காலை ஒன்பது பத்து மணிக்கு வைங்க, சாயங்காலத்துக்குள்ள காயணும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம், சிலதுல உள்ளே நான்ஸ்டிக் மாதிரிப் பூச்சு இருக்கும். பிறகு ஸ்ப்ரே வேணும்னா, பறவை மேல அடிக்காம அதுக்கு மேலே அண்ணாந்து காத்துல அடிச்சு, தூறலா விழற மாதிரி விடுங்க.

அலகுல மட்டும் வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாதுங்க. நல்ல உணவும் கடிக்க மரக்கட்டையும் இருக்கற பறவையோட அலகு தானாத் தேயும். அது அளவுக்கு மேல வளர்ந்தா கல்லீரல் கோளாறு வரைக்கும் காரணம் இருக்கலாம், மருத்துவர்தான் பார்க்கணும். வெறும் சூரியகாந்தி விதையே குடுத்துக்கிட்டிருந்தா அதையும் மாத்துங்க.

இறகு முளைக்கற காலத்துல தலையில முள்ளு முள்ளா வரும். கைக்கு வந்த பறவை தலையைக் குனிஞ்சு காட்டினா, நுனி வெள்ளையா காய்ஞ்ச முள்ளை மட்டும் ரெண்டு விரலுக்கு நடுவில் லேசா உருட்டுங்க, உறை தூளா உதிரும். தலை அதோட அலகுக்கு எட்டாது, அதனால இந்த உதவி அதுக்கு ரொம்பப் பிடிக்கும். அடிப்பகுதி இன்னும் கருப்பா இருக்கற முள்ளை அழுத்தினா உயிர் போற வலி. அதுவரைக்கும் சேர்த்த நம்பிக்கை அதோட போயிடும்.

வயலோரம்:

இதே முறை பச்சைக்கிளிக்கும் சரியா வருமா? தெரிஞ்சவங்க வீட்டில் ஒண்ணு கூண்டில் இருக்கு, அதுவும் பயந்துதான் கிடக்குது.

பறவைநலம்:

முறை பொருந்தும், ஆனால் அந்தப் பறவை அந்த வீட்டில் இருக்கவே கூடாது. செம்மோதிரக் கழுத்துள்ள நம்மூர்ப் பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, செந்தலைக்கிளி எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்டவை. பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வளர்ப்பதும் குற்றம். வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். பாவம் பார்த்து மொட்டைமாடியில் திறந்துவிடச் சொல்லாதீர்கள். கூண்டிலேயே வளர்ந்து சிறகு வெட்டப்பட்ட கிளி காக்கைக்கும் பூனைக்கும்தான் போகும். வெளிநாட்டு இனங்களில் காக்டெய்ல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸின் பட்டியலில் இல்லை. கானூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவை இருக்கின்றன, அவற்றை 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

இறகுப்பந்து:

தட்டில் முருங்கைக்கீரை வெச்சிருக்கேன், பார்ப்போம். கடைசியா ஒண்ணு. அப்போ டவலை இனிமேல் எடுக்கவே வேண்டாமா?

மூங்கில்கூடு பதில்:

வேணும். நாளைக்கே ரத்தம் வந்தாலோ மருந்து குடுக்கணும்னாலோ டவல் இல்லாம முடியாது. அன்னைக்கு முதல் முறையா எடுத்தா மறுபடி இதே நிலைமைதான். அதனால அவசரம் இல்லாத நாளில் பழக்கணும். விரலில் தயங்காம ஏற ஆரம்பிச்ச பிறகுதான், அதுக்கு முன்னால வேண்டாம்.

மெல்லிசான பருத்திக் கைத்துண்டு, வெளிர் நிறம், நூல் பிரியாதது. மேசையில் தட்டையா விரிச்சு ஓரத்தில் ரெண்டு மணி தினை. அடுத்தடுத்த நாளில் தினையை நடுவுக்குக் கொண்டு போங்க. துண்டு மேல நின்னு நிதானமாத் தின்னா, ஒரு ஓரத்தை ஒரு விரல் அளவு தூக்கி விடுங்க. அப்புறம் ரெண்டு ஓரத்தையும் தூக்கிக் கூடாரம் மாதிரி வளைச்சு, ரெண்டு பக்கமும் திறந்தே இருக்க, உள்ளே தினை வெச்சு அதுவே நடந்து போகட்டும். நுழைஞ்ச வழியாவே வெளியே வரலாம், அந்தப் பக்கமாவும் போகலாம். இது சலிப்பாகிற அளவுக்குப் பழகினதும் துணி முதுகைத் தொடட்டும், ஒரு நொடி. அப்புறம் முதுகுக்கு மேல கையோட கனம், ஒரு நொடி. ஒவ்வொண்ணுக்கும் தினை, ஒவ்வொண்ணுக்கும் உடனே விடுதலை. மேலேருந்து துண்டை வீசறது மட்டும் எந்த நாளும் கூடாது. எப்பவும் முன்னாலேருந்து அல்லது பக்கத்திலேருந்து, அது பார்க்கும்படி.

மருத்துவர்கிட்ட போகும்போதும் இந்தத் துண்டையே எடுத்துட்டுப் போங்க, அங்கே இருக்கற டவலை விட அதுக்குத் தெரிஞ்ச துண்டு நல்லது. பிடிக்க வேண்டிய வேலை முடிஞ்ச உடனே கூண்டில் விட்டுட்டு, அன்னைக்கு மட்டும் விதிவிலக்கா பக்கத்தில் ஒரு தினைக்கதிரைத் தொங்க விட்டு அறையை விட்டு வெளியே வந்துடுங்க. அன்னைக்கு சாயங்காலப் பயிற்சி வேண்டாம். மறுநாள் காலையில் இலக்குக் குச்சியிலேருந்து ஆரம்பிங்க.